காதில் வெட்டில்லாத மந்தை

கௌத்தோகெய்னோவிலிருந்து ட்ரொம்சோவுக்கு
பனியில் ஏழு மணி நேரம்.
மிக்கல் வழியெல்லாம் பேசவில்லை.
வானொலியில் மீன் விலை மட்டும்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
திரை நிறைய என் முட்டை.
வெளிச்ச உருண்டை,
அதன் ஓரத்தில் ஒட்டியபடி
மணல் பருக்கை போல இன்னொன்று.
அது என்ன என்றேன்.
ஹில்டகுன் பேனா முனையால் காட்டினாள்.
"பாதியை வெளியே தள்ளியிருக்கிறது.
நல்ல அறிகுறி."

தள்ளிவிட்டதைத்தான் நல்ல அறிகுறி என்கிறார்கள் இங்கே.

எனக்குப் பிரிக்கத் தெரியும்.
அக்டோபரில் வட்டப் பட்டிக்குள்
மூவாயிரம் கலைமான்கள்
ஒரே திசையில் சுற்றிச் சுற்றி ஓடும்.
ஆவி, மயிர், மிதிபட்ட சாணம்.
நடுவில் நின்று
ஓடும் காதைப் படிக்க வேண்டும்.
இடக்காது நுனியில் ஒரு கவை, கீழே இரண்டு கொத்து
என்றால் என்னுடையது;
மூன்று கொத்து என்றால் தம்பி ஆந்தேயுடையது.
கொம்பைப் பிடி, இழு, கதவுக்குள் தள்ளு.
எத்தனை மாதம் கலந்து மேய்ந்திருந்தாலும்
இருட்டுவதற்குள்
அவரவர் மான் அவரவர் கொட்டிலில்.

"இதுவும் அப்படித்தானே?"
"கிட்டத்தட்டத் தலைகீழ்" என்றாள்.

இருபத்து மூன்று சோடிக் குரோமோசோம்கள்.
ஒவ்வொரு சோடியிலும்
அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று.
நடுக்கோட்டில் எதிரெதிரே வந்து நிற்கும்.
யார் எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை.
முதல் சோடியில் அப்பா இடப்பக்கம் போனது
இரண்டாவது சோடிக்குத் தெரியாது.
எண்பத்து மூன்று லட்சம் விதமாகப் பிரியலாம்,
அதுவும்
ஒன்றையொன்று தொடாமல் நின்றிருந்தால்.

தொட்டிருக்கின்றன.
பிரிவதற்கு வெகு முன்னமே
உடம்போடு உடம்பு ஒட்டிக் கிடந்து
அங்கங்கே அறுந்து
அறுந்த முனை மற்றதன் முனையைப் பிடித்து,
அம்மாவின் இழையில் அப்பாவின் துண்டு,
அப்பாவின் இழையில் அம்மாவின் துண்டு.
காதை மாற்றித் தைத்துக்கொண்ட மான்கள்.
எந்தக் கதவுக்குள் தள்ளுவாய் அதை?

"எப்போது நடந்தது?"
"நீங்கள் பிறப்பதற்கு முன்."

முப்பத்தொன்பது வருடம் முன்பு
அம்மா என்னை ஐந்து மாதம் சுமந்தபடி
ஏரியின் பனிக்கட்டி தாங்குமா என்று
கம்பால் தட்டித் தட்டி
மந்தையைக் கடத்திய வசந்தத்தில்
எனக்குள்ளே சீட்டு கலைத்தாயிற்று.
கலைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டன.
நான் நடக்கப் பழகியபோதும் நின்றன.
பள்ளி விடுதியில் போர்வைக்குள் அழுதபோதும்.
ஸ்னோ ஸ்கூட்டரில் மிக்கலை முதன்முதலாகப்
பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தபோதும்.
சோடிகளைக் கட்டி வைத்த கயிறு மட்டும்
வருடத்துக்கு ஓர் இழையாக நைந்தது.
"அதனால்தான் இந்த வயதில்
சிலது பிரியாமல் இரண்டுமே ஒரு பக்கம் போய்விடும்"
என்றாள், குற்றம் சொல்லாத குரலில்.

பழைய சுருக்குக்கயிறு எந்த இடத்தில் அறும் என்று
எனக்கா தெரியாது.

நான் அந்தப் பருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் யார் போனது?
பாடும்போது அப்பா பாதியில் இழுக்கும் மூச்சா,
அம்மாவின் வாயடங்காக் கோபமா,
பனி வெளிச்சத்தில் கூசாத கண்ணா?
ஆந்தேயின் உயரம் நிச்சயம் அதில் இல்லை;
அது எனக்கே வந்து சேரவில்லை.
கேட்கவில்லை.
ஹில்டகுன் எண்ணிச் சொன்னாள்:
ஐந்தில் மூன்று தேறும்.

திரும்பும்போது ஸ்கிபோட்ன் தாண்டி
மலை ஏறும் வளைவில்
"என்ன வெட்டலாம்?" என்றான் மிக்கல்.
பிறந்தால் அதற்கென்று ஓர் அடையாளம் வேண்டும்.
என்னுடையதிலிருந்து ஒரு வெட்டு,
அவனுடையதிலிருந்து ஒரு வெட்டு,
யாருடையதும் இல்லாமல் ஒன்று.

மூச்சு படிந்த கண்ணாடியில்
விரலால் இரண்டு காது வரைந்தேன்.
இடக்காதில் கவை.
வலக்காதை வெறுமனே விட்டேன்.
ஹீட்டர் சூடேறியதும்
கவைதான் முதலில் வழிந்தது.